சுண்ணாம்பு தேய்க்காத கலயம்

ஐம்பத்திரண்டாம் வருஷம் பங்குனி மாதம் எங்கள் வீட்டு அடுப்பில் கருப்பட்டி கட்டிக்கு வருவது நின்றுபோனது.

பனையேறிக் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய துக்கம் என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லுகிறேன். நான் காலையில் பனை ஏறி அக்கானி இறக்குவேன். பதநீரை எங்கள் பக்கத்தில் அக்கானி என்றுதான் சொல்லுவோம். என் மனைவி ஞானப்பூ அதை வடிகட்டிப் பெரிய பானையில் ஊற்றி, சருகும் ஓலையும் வைத்து எரித்துக் காய்ச்சுவாள். அது பொங்கி, வற்றி, பாகாகிப் பதம் வந்ததும் துடுப்பால் கிண்டித் தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றுவாள். ஆறினபின் சிரட்டையைக் கவிழ்த்துத் தட்டினால் கருப்பட்டி விழவேண்டும். அந்த மாதம் தட்டினால் ஒன்றும் விழவில்லை. உள்ளே பாணியாய்க் கிடந்தது. விரலை வைத்தால் நூலாய் இழுத்தது. அரைநாள் புகையில் நின்று கண் சிவந்துபோன ஒருத்திக்கு அந்த நூலைப் பார்ப்பது எப்படி இருக்கும்?

மரங்கள் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்தவை. கருப்பட்டி இல்லையென்றால் புதுக்கடைச் சந்தைக்குக் கொண்டுபோக ஒன்றும் இல்லை. வீட்டில் மரச்சீனிக் கிழங்குதான். ஆனால் ஞானப்பூ அழுதது கிழங்குக்காக அல்ல. தன்னிடம்தான் ஏதோ குற்றம் இருக்கிறது என்று அழுதாள்.

முதலில் சுண்ணாம்பைக் குறை சொன்னாள். அக்கானி புளிக்காமல் இருக்கவேண்டுமானால் மரத்தில் கட்டுகிற கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தேய்க்கவேண்டும். அந்தச் சுண்ணாம்பை நீற்றித் தருவது அவள்தான். பழைய சுண்ணாம்பைக் கொட்டிவிட்டு, கடற்கரையிலிருந்து வந்த சிப்பியைச் சுட்டுப் புதிதாய் நீற்றினாள். அப்போதும் பாகு பிடிக்கவில்லை. பானையை மாற்றினாள். விறகை மாற்றினாள். பக்கத்து வீட்டு அன்னம்மை ஒரு நாள் வந்து பானைக்குள் எட்டிப்பார்த்துவிட்டு, "ஏட்டி ஞானப்பூ, பாகு பிடிக்கல்லேன்னா கையில குத்தம் இருக்கும், இல்லேன்னா மனசுல குத்தம் இருக்கும். நல்லா யோசிச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்குத்தான் அவள் யோசிக்க ஆரம்பித்தாள். யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தாள். மாசி மாதம் ஒரு மத்தியானம், வழியில் போன ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து ஒரு வாய் அக்கானி கேட்டிருக்கிறாள். பானை அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. "இல்லை, போ" என்று இவள் சொல்லிவிட்டாள். குழந்தை அழுதுகொண்டே போனதாம்.

"அந்தப் பிள்ளைக்க கண்ணீருதான்" என்றாள் என்னிடம். "தாகத்துக்குக் கேட்டவளை நான் துரத்திவிட்டேன். ஆண்டவரு எனக்க பானையில கை வச்சிட்டாரு."

நான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. கஞ்சியைக் குடித்து முடித்தேன்.

சகோதரர்களே, கருப்பட்டி ஏன் கட்டவில்லை என்று எனக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும்.

ஓடைக் கரையில் கொஞ்சம் சாய்ந்து நிற்கிற ஒரு பனை உண்டு. அதன் உச்சியில் நான் கட்டியிருந்த கலயங்களில் ஒன்றுக்குச் சுண்ணாம்பு தேய்ப்பதில்லை. சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் ஊறுவது அக்கானி அல்ல, கள். எங்கள் சபையில் கள் இறக்குகிறவனுக்கும் குடிக்கிறவனுக்கும் திருவிருந்து கிடையாது. என் தகப்பன் காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் கள் மணம் இருந்ததில்லை. நான் நாலாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்கமாட்டேன். ஜெபக்கூட்டத்தில் என் முறை வந்தால் பக்கத்து ஆளின் விலாவைத் தொட்டு அவரை ஜெபிக்கச் சொல்லுவேன். இப்படிப்பட்டவனை ஊரார் நல்லவன் என்று நினைத்துவிடுவார்கள். என்னையும் அப்படித்தான் நினைத்தார்கள்.

ஆரம்பித்தது சுதந்திரம் வந்ததற்கு அடுத்த பருவத்தில். எனக்கு இடுப்பில் தாங்கமுடியாத பிடிப்பு. ஏறினால் இறங்க முடியாது, இறங்கினால் உட்கார முடியாது. ஒரு வாய் குடித்தால் வலி தெரியாது என்று யாரோ சொன்னது காதில் கிடந்தது. மருந்துக்கு என்றுதான் ஒரு கலயத்தை விட்டேன். வலி அந்தப் பருவத்தோடு போய்விட்டது. கலயம் போகவில்லை.

அடுத்த பருவம் இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. அதற்கடுத்த பருவம், அந்த மரத்துக்கு முன்னால் வேறு மரம் ஏற முடியாது என்கிற நிலை வந்தது. கையில் நடுக்கம் வந்துவிடும். குடித்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு இறங்குவேன். எத்தனை தரம் சத்தியம் பண்ணினேன் என்று எனக்கே தெரியாது. ஒரு தரம் கலயத்தைக் கீழே போட்டு உடைத்தேன். நல்லது, முடிந்தது என்று சந்தோஷமாய் வீட்டுக்கு வந்தேன். மறுநாள் புதுக் கலயம் ஒன்றை நானே கொண்டுபோய்க் கட்டினேன். இன்னொரு தரம் கீழேயே சுண்ணாம்பை விரலில் எடுத்துக்கொண்டு ஏறினேன், மேலே போனதும் மனசு மாறக்கூடாது என்று. மேலே போனதும் அந்த விரலை மட்டையில் துடைத்தேன். மனசு வேண்டாம் என்கிறது, கை கேட்கவில்லை. என் கைக்கு நான் எஜமான் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாவம் என்றால் செய்கிற காரியம் என்று நினைத்திருந்தேன். அது ஒரு ஆளைப்போல என்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

அப்படியானால் கருப்பட்டி ஏன் கெட்டது என்று கேட்பீர்கள். அதுவும் என் புத்தியினால்தான். எந்த மரம் எவ்வளவு ஊறும் என்று ஞானப்பூவுக்குக் கணக்குத் தெரியும். ஓடைக்கரை மரம் நன்றாய் ஊறுகிற மரம். நான் குடித்தது போக மீதியைக் கொட்டினால் அளவு குறையும், ஏன் குறைகிறது என்று கேட்பாள். அதற்குப் பயந்து மீதிக் கள்ளை இடுப்புக் குடுவையில் இருந்த நல்ல அக்கானியோடு சேர்த்து ஊற்றினேன். முன் பருவங்களில் மீதி கொஞ்சமாய் இருந்தது, தப்பிவிட்டது. அந்தப் பங்குனி வெயிலில் கள் கடுமையாய்ப் புளித்தது. புளிப்பு கலந்த அக்கானி எவ்வளவு காய்ச்சினாலும் கட்டிக்கு வராது. இது பனையேறி வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனால் அவள் என்னைச் சந்தேகிக்கவில்லை. அதற்குப் பதில் தன்னைச் சந்தேகித்தாள்.

ஒரே ஒருவருக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து விளையின் பனைகளில் ஏறுகிற தங்கப்பன். எனக்கு மச்சினன் முறை. அய்யாவழிக்காரர், எங்கள் சபை அல்ல. தினமும் விடியுமுன்னே நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டுதான் மரத்தில் கை வைப்பார். கள்ளைத் தொடமாட்டார். அவருடைய மரமும் என் ஓடைக்கரை மரமும் எதிரெதிரே. உச்சியில் இருந்தால் முகம் தெரியும். காற்று அந்தப் பக்கம் அடித்தால் மணமும் போகும்.

ஒரு நாள் அங்கிருந்தே கூப்பிட்டார். "வேய் ஏசுவடியான் மச்சினா! உங்களுக்க சாமிக்கு கீழே நிக்கவன மட்டுந்தான் தெரியுமோ? மேலே இருக்கவன தெரியாதோ?"

நான் பாளை சீவுவதுபோலத் திரும்பிக்கொண்டேன். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "நான் யாரிட்டயும் பறையமாட்டேன். ஆனா தங்கச்சி ஞானப்பூ அங்கே அடுப்புல வேகுகா, கேட்டியா" என்றார்.

அந்த வார்த்தை என்னைக் குத்தியது. குத்தியும் நான் விடவில்லை. அதுதான் சொல்லவருகிறேன். விட முடியவில்லை.

அது லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்கள். ஞானப்பூ உபவாசம் இருக்கத் தொடங்கினாள். பகல் முழுவதும் வெறும் வயிற்றோடு அடுப்பு முன்னால் நின்றாள். பெண்கள் ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று, தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்காத பாவி என்று எல்லார் முன்னும் சொல்லி அழுதாளாம். அன்னம்மை வந்து சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு திருப்தி. நான் அப்போதும் சும்மா இருந்தேன்.

அந்த மாதத்துத் திருவிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்தது. பனையை ஞாயிறு என்று விட்டுவிட முடியாது; பாளை சீவாமல் விட்டால் ஊறுவது நின்றுவிடும். அதனால் ஆராதனைக்கு முன்பே ஏறி இறங்குவோம். அன்றும் ஏறினேன். அன்றும் குடித்தேன். வெற்றிலை போட்டேன். குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கோவிலுக்குப் போனேன்.

திருவிருந்துக்கு எழுந்திருக்கச் சொன்னபோது பெண்கள் பக்கத்தைப் பார்த்தேன். வரிசையாய் எழுந்தார்கள். ஞானப்பூ எழவில்லை. பாயில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். தனக்குத் தகுதி இல்லை என்று இருந்துவிட்டாள். நான் எழுந்தேன். இருந்துவிட்டால் எல்லாரும் ஏன் என்று பார்ப்பார்களே என்கிற கூச்சம். அந்தக் கூச்சத்தில் முன்னே போய் முழங்கால் படியிட்டேன். அப்பத்தை வாங்கினேன். பாத்திரத்தில் வாய் வைத்தேன். காலையில் குடித்த கள் என் தொண்டையில் அப்போதும் மணந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். நான் செத்தவன் என்று தோன்றியது. அவள் அப்போதும் குனிந்தே இருந்தாள்.

அன்று சாயங்காலம் மறுபடி மரம் ஏறும் நேரம். ஓடைக்கரைப் பனையில் ஏறினேன். வெயில் தாழ்ந்திருந்தது. உச்சியில் மட்டைகளுக்கு இடையில் உட்கார்ந்தேன். பகல் வெயிலில் ஊறின கலயம் நுரை கட்டி நின்றது. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. குடிக்கக்கூடாது என்று வந்தவன், இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கண்ணை மூடினேன். அப்போது ஒரு காரியம் மனசில் வந்தது. உபதேசியார் எத்தனையோ தரம் பிரசங்கத்தில் சொன்னதுதான், எனக்குள் போனது அன்றைக்குத்தான். நான் பாவம் செய்ய மரத்தில் ஏறுகிறேன். என் பாவத்துக்காக ஒருவர் மரத்தில் ஏற்றப்பட்டார். எனக்குக் காலில் திளாப்புக் கயிறு இருக்கிறது, இறங்கிவிடலாம். அவரால் இறங்க முடிந்தும் இறங்கவில்லை.

என் வாய் திறந்துவிட்டது.

"ஆண்டவரே, எனக்கு முடியல்ல! நான் கள்ளுகுடியன்! சுண்ணாம்பு தேய்க்காம கள்ளனைப்போல குடிச்சேன். மிச்சத்த அக்கானியில ஊத்தினேன். எனக்க பாவத்த ஞானப்பூ சுமக்கா. இன்னைக்குக் காலத்த இதுல குடிச்ச வாயாலதான் உம்முடைய பாத்திரத்துலயும் குடிச்சேன். என்னால இத விட ஒக்காது. நீரு என்னை விடுவியும்! விடுவியும் ஆண்டவரே!"

எனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் சொல்லுகிறதாய்த்தான் நினைத்தேன். என் வாழ்நாளில் நான் சத்தமாய் ஜெபித்தது அதுதான் முதல் தரம். எவ்வளவு சத்தம் என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லி முடித்துக் கண் திறந்தபோது, சுற்றிலும் பாளை தட்டுகிற சத்தம் ஒன்றும் இல்லை. அந்த நேரம் எல்லா விளைகளிலும் எல்லா மரங்களிலும் ஆள் இருக்கும். ஒருவரும் தட்டவில்லை. எதிர் மரத்தில் தங்கப்பன் அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சினா" என்றார். குரலில் கேலி இல்லை. "சாமிக்குக் கேட்டாச்சு. எங்களுக்கும் கேட்டாச்சு. இனி கண்ணைத் தொடச்சிட்டு பதுக்க இறங்கு. வழுக்கிராதே."

நான் கலயத்தைக் கவிழ்த்தேன். கள் கொட்டிப்போனது. இடுப்பில் கட்டியிருந்த பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்து உள்ளே தேய்த்தேன். கை போனது. அவ்வளவுதான். அத்தனை வருஷம் போகாத கை, போனது.

கீழேயிருந்து, "ஐயோ!" என்று சத்தம். குனிந்து பார்த்தேன். என் கூப்பாடு கேட்டு அடுப்படியிலிருந்து ஞானப்பூ துடுப்போடு ஓடிவந்து மரத்தடியில் நிற்கிறாள். நான் கொட்டின கள் அவள் சேலையில் தெறித்திருந்தது. முந்தானையை எடுத்து மோந்து பார்த்தாள்.

இறங்கினேன். அப்படிப் பயந்து நான் எந்த மரத்திலிருந்தும் இறங்கினதில்லை.

"அப்போ அந்தப் பிள்ளைக்க கண்ணீரு இல்லியா?" என்றாள்.

"இல்ல."

"எனக்க சுண்ணாம்பு?"

"நல்ல சுண்ணாம்புதான்."

"எனக்க கை?"

"உனக்க கைக்கு ஒண்ணும் இல்ல, ஞானம்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, "ஆண்டவரே ஸ்தோத்திரம், நான் இல்ல, நான் இல்ல" என்று அழுதாள். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. பக்கத்தில் உட்காரப்போனேன். உடனே எழுந்து துடுப்பால் என் தோளில் ஒன்று வைத்தாள். "எத்தனை பானை காய்ச்சினேன்! எத்தனை நாள் பட்டினி கெடந்தேன்! கஞ்சியக் குடிச்சிட்டு சும்மா இருந்தீரே ஓய்!" இன்னும் ஒன்று வைத்தாள். மரத்தின்மேல் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வலிக்கவில்லை. அந்த அடி எனக்கு எவ்வளவு ஆறுதலாய் இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

மறுநாள் பானையில் பாகு பிடித்தது. சிரட்டையைத் தட்டினதும் கருப்பட்டி மணிபோல விழுந்தது. ஞானப்பூ என்னோடு பேசவில்லை. ஒரு கருப்பட்டியை ஓலையில் வைத்து என் முன்னால் நகர்த்தினாள். அவ்வளவுதான். அவள் முழுதாய்ப் பேச இன்னும் நாள் ஆனது. அதற்கும் நான் காத்திருந்தேன்.

ஒரே ஜெபத்தில் ஆசை ஓடிப்போனது என்று நான் சொன்னால் அது பொய். உடம்பு நடுங்கியது. வியர்த்தது. சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் நான் ஓடைக்கரை மரத்தடியில் போய் நின்றுவிட்டேன். ஏன் வந்தேன் என்றே தெரியவில்லை. மேலே இருந்து தங்கப்பன் பார்த்துவிட்டார். இறங்கி வந்து, "இந்தப் பருவம் முடியது வரைக்கும் இந்த மரத்த நான் ஏறுகேன். எனக்க கிழக்கு மரத்த நீ ஏறு. தங்கச்சிக்க பானைக்கு இதுக்க அக்கானி வந்து சேரும்" என்றார்.

"உமக்கு எதுக்கு மச்சினா இந்தப் பாடு?" என்றேன்.

"நீ அன்னைக்குக் கூப்பிட்ட கூப்பாட்டுல எனக்க உடம்பு சிலிர்த்துப் போச்சு. அதுக்கு அப்புறம் நான் எப்படிச் சும்மா இருக்க?"

ஆண்டவர் ஒரு தூதனை அனுப்புவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அனுப்பினால் அவன் நாமம் இட்டுக்கொண்டு வருவான் என்று நினைத்திருக்கவும் மாட்டேன். அவர் யாரையும் அனுப்புவார்.

அதற்குப்பிறகு ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று, "ஆண்டவரே, இந்த மரம்" என்று மட்டும் சொல்லி ஏறினேன். மொத்தமாய்க் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. மரம் மரமாய்க் கேட்டேன். மரம் மரமாய்க் கொடுத்தார்.

உபதேசியாரிடம் போனேன். சபையார் முன்னால் நான் சொல்லவேண்டும் என்றார். அடுத்த ஞாயிறு எழுந்து நின்றேன். "நான் கள் குடித்தேன்" என்றதுமே பின்னாலிருந்து ஒருவர், "கேட்டோம், கேட்டோம்" என்றார். கோவில் முழுவதும் சிரித்தது. உபதேசியாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஏசுவடியான், பனைமேல சொன்னது போதும். உட்காரும்" என்றார். ஆனாலும் சபை ஒழுங்கின்படி கொஞ்ச காலம் எனக்குத் திருவிருந்து இல்லை என்று சொன்னார். அது சரிதான். ஞானப்பூவைத் தாராளமாய் வரலாம் என்றார். அவள், "இவருக்கு இல்லாதது எனக்கும் வேண்டாம். வரும்போது ரெண்டு பேருமா வருகோம்" என்று சொல்லிவிட்டாள். ஈஸ்டர் பண்டிகையன்றும் அவள் பாயிலேயே இருந்தாள். ஆனால் அன்றைக்குத் தலை குனியவில்லை. ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

ஆனி மாதம் எங்கள் இருவரையும் சேர்த்து அழைத்தார்கள். சேர்ந்து போனோம். அன்று நான் முழங்காலில் நின்றபோது ஒன்றும் சொல்லி ஜெபிக்கவில்லை. அழவும் இல்லை. பசித்தவன் சாப்பிடுவதுபோல வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த பருவத்தில் ஓடைக்கரை மரத்தை மறுபடியும் நானே ஏறினேன். ஒரு நாள் ஏறி, பாளை சீவி, சுண்ணாம்பு தேய்த்து, இறங்கி, அடுத்த மரத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். பாதி வழியில் நின்றுவிட்டேன். மேலே இருந்தபோது எனக்குக் கள் நினைவே வரவில்லை. போராடி ஜெயிக்கவில்லை. போராட ஒன்றும் இல்லாமல் இருந்தது. என்மேல் ஏறி உட்கார்ந்திருந்த அந்த ஆள் எப்போது இறங்கிப் போனான் என்று எனக்குத் தெரியவில்லை. விளையின் நடுவில் நின்று தனியாய்ச் சிரித்தேன்.

இப்போது நம்முடைய தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்திருக்கிற இந்த ஐம்பத்தாறாம் வருஷத்தில் இதை எழுதுகிறேன். நான் இன்னும் பேச்சு வராதவன்தான். ஆனால் ஜெபக்கூட்டத்தில் என் முறை வந்தால் இப்போது யார் விலாவையும் தொடுவதில்லை. இரண்டு வார்த்தையானாலும் நானே சொல்லுகிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது, ஒருவரும் பார்க்காத இடத்தில் ஒன்றைக் கட்டிவைத்திருக்கலாம். சத்தியம் பண்ணிப் பண்ணி அலுத்துப்போயிருக்கலாம். இன்னும் கொஞ்சம் சுத்தமாகிவிட்டு அவரிடம் போகலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். நானும் அப்படித்தான் பல பருவங்களைக் கழித்தேன். சுத்தமாகவே இல்லை. வீட்டில் ஒருத்தி வெந்ததுதான் மிச்சம்.

அதனால் காத்திருக்கவேண்டாம். நான் நல்லவனான பிறகு அவரைக் கூப்பிடவில்லை. கலயம் கையில் இருந்தபோது, கள் மணக்கிற வாயால்தான் கூப்பிட்டேன். அந்த வாயின் சத்தத்தைத்தான் அவர் கேட்டார். உங்கள் வாயையும் கேட்பார். கூப்பிடுங்கள்.